யாக்கையின் கட்டு

மக்கள் உடம்பிற்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. மெய், உடல், உடம்பு, கூடு, யாக்கை என்பன அவற்றுட் சில. இவற்றுள் யாக்கை என்னுஞ் சொல் யாத்தல் என்னும் வினையின் அடியாகப் பிறந்தது. யாத்தலாவது கட்டுதல். செய்யுள் இயற்றுவதையும் யாத்தல் என்றே கூறுவது நம் மரபு. எழுத்து அசையாகி, அசை சீராகி, சீருஞ் சீரும் தளையாற் பிணைந்து செய்யுள் நிற்கின்றது. அவ்வாறே என்பும் என்பும் மூட்டினாற் பிணைந்து, அவற்றின்மேற் தசையும் தோலும் அமைந்து இவ்வுடம்பு நிற்கின்றது. இந்தக் கட்டின் இலக்கணத்தை எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் கற்பிப்போர் என்பிலக்கணம் பேசப் புகுந்தது எதற்கெனச் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை இரண்டு. உடற்கூற்று அறிவு இந்நாட்டிலே தமிழ்மொழியில் வளர்ந்த வரலாறு நம்மவர் பலரால் மறக்கப்பட்டுள்ளது. அதனை நினைவூட்டுதல் வேண்டும் என்பது ஒன்று. தென்னையும் பனையும் வயற்காவற் பரணும் நிறைந்த நமது மட்டக்களப்பு நாட்டில், உயரத்திலிருந்து வீழ்வோர்க்கு முதலுதவி செய்பவர் பெரும்பாலும் அயலவரே. அவர் கையில் அறிவு இல்லாதவிடத்து அன்பே தீங்கு செய்துவிடும் என்பது மற்றொன்று.

சொல் வந்த வழி

அமெரிக்க நாட்டவரான வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, 1848 முதல் உள்ளூர் இளைஞர்க்கு மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், மக்களிடையே வாழ்ந்து தொண்டாற்றும் வைத்தியர் மக்கள் மொழியிலேயே கற்றல் வேண்டுமெனத் துணிந்து, பின்னர்த் தமிழிற் கற்பிக்கலானார். தாமே தமிழ் பயின்று, மாணாக்கரையும் துணைக்கொண்டு பல நூல்களைத் தமிழாக்கினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் என்பது, 1858இல் இலண்டனில் முதன்முதல் வெளியான கிறே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவியதாகும். மூலநூல் தோன்றிப் பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது. கிறீன் 1884இற் காலமானார். மானிப்பாயில் இன்றும் ஒரு வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கிறீன் காலத்துச் சொற்கள் பெரும்பாலும் வடமொழிச் சார்புடையன. அதன்பின் தோன்றிய தலைமுறையினர் தமிழ்வேர்களிலிருந்தே கலைச்சொற்களை ஆக்க முயன்றனர். அம்முயற்சியில் முன்னின்றவர் நம் மட்டக்களப்பு நாட்டுக் காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளார். துறவு பூணுமுன் விஞ்ஞான ஆசிரியராக விளங்கியவர் அவர். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் மேற்கொண்ட கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அப்பணியின் பயனாக 'கலைச்சொற்கள்' என்னுந் தொகுதி 1938இல் வெளிவந்தது. பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் வாயிலாக இன்று நம் பாடநூல்களில் வழங்குஞ் சொற்கள் நிலைபெற்றன.

அச்சொற்களுள் ஒன்று வன்கூடு. எலும்புக்கூடு என்றதும் மக்கள் உள்ளத்திற் சுடுகாடும் பேயுமே தோன்றுகின்றன. வன்கூடு என்னும்போதோ உயிர் குடியிருக்கும் வலிய கூடு என்ற எண்ணம் உண்டாகின்றது. இரண்டாவது எண்ணமே உண்மைக்கு நெருங்கியது. என்பு உயிருடைய பொருள். இதனை உள்ளத்திற் பதித்தவர்க்கு இனி வருவன யாவும் எளிதில் விளங்கும்.

வன்கூட்டின் அமைப்பு

முதிர்ந்த மனிதனுக்கு என்புகள் 206. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 தனித்தனிப் பகுதிகள் உள. வளர வளர அவற்றுட் பல ஒன்றோடொன்று பொருந்தி எண்ணிக்கை குறைகின்றது. குழந்தையின் உச்சிக்குழி இதற்குச் சான்று. மண்டையோட்டின் தகடுகள் இன்னும் கூடாத இடமே அது. பெரும்பாலும் ஒன்றரை வயதளவில் அது மூடிவிடும்.

206 என்புகளையும் இரு பிரிவாக வகுப்பர். உடம்பின் நடுவச்சாக நிற்பவை அச்சு வன்கூடு; இவை 80. அதனோடு பொருந்திக் கைகால்களாக அமைபவை தூக்க வன்கூடு, இவை 126.

அச்சு வன்கூட்டில் மண்டையோட்டிற்குரியவை 22. இவற்றுட் கீழ்த்தாடை ஒன்றே நன்கு அசையத் தக்கது. ஒவ்வொரு காதினுள்ளும் மும்மூன்றாக 6 சிற்றென்புகள் உள. அவற்றுட் சிறியது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளமே உடையது. ஒரு நெல்மணியினும் சிறிய அவ்வென்பு இல்லையேல் ஆசிரியர் குரல் மாணவர் செவியிற் செவ்வனே ஏறாது. நாவின் அடியில் வில்போல் வளைந்த என்பொன்று உண்டு. வேறெந்த என்புடனும் மூட்டுறாமல், தசைகளாலும் நார்களாலும் தாங்கப்பட்டு நிற்பது அது. நாவின் அசைவிற்கு அது பற்றுக்கோடு. ழகரமும் ளகரமும் வேறுபட ஒலிப்பதற்கு அதன் துணையும் வேண்டும். பல் என்பன்று, ஆதலின் அது இக்கணக்கிற் சேராது.

முள்ளந்தண்டில் உள்ள என்புகள் 26. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பின் மேற்புறத்தில் 5. அவற்றின் கீழ் ஐந்து ஒன்றாகிய திருவென்பும், பெரும்பாலும் நான்கு ஒன்றாகிய வாலென்பும் உள. நீண்ட கழுத்தையுடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தென்புகள் ஏழே என்பது வியப்பிற்குரியது. நம் கழுத்தின் முதலாம் என்பு தலையைத் தாங்கி, 'ஆம்' என்று மேலுங் கீழும் அசைக்க இடமளிக்கின்றது. இரண்டாம் என்பின் முளையைச் சுற்றியே 'இல்லை' என்று தலை இருபுறமும் திரும்புகின்றது. விலா என்புகள் 12 சோடி. மேலுள்ள ஏழு சோடிகள் மார்பென்பை நேரே சேர்கின்றன. அடுத்த மூன்று, தமக்கு மேலுள்ளவற்றின் கசியிழையத்தைச் சார்கின்றன. எஞ்சிய இரண்டும் முன்புறத்தில் எதனையும் பற்றாது நிற்கின்றன.

தூக்க வன்கூட்டில், தோள்வளையத்திற்கு 4 என்புகளும் இடுப்பு வளையத்திற்கு 2 என்புகளும் உரியன. கையொன்றுக்கு 30, காலொன்றுக்கு 30. அவற்றுள்ளும் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 27, பாதத்தில் 26. ஆகவே இருகைகளிலும் இருபாதங்களிலும் மட்டும் 106 என்புகள் உள. உடம்பின் என்புகளிற் பாதிக்கு மேற்பட்டவை இங்கே குவிந்திருப்பதன் காரணம் யாது? நாற்று நடுவதும், வலை பின்னுவதும், எழுதுகோல் பிடிப்பதும், வரம்பில் வழுக்காது நடப்பதும் இச்சிற்றென்புகளின் நுண்ணிய அசைவாலே ஆவன. தொடையென்பு ஒன்றேயாய் நீண்டு வலிதாய் இருப்பதற்குக் காரணம், அது பாரந் தாங்கவேண்டியிருப்பதே. அதன் நீளம் ஒருவரது உயரத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்காகும்.

மூட்டும் பிணைப்பும்

செய்யுளுக்குத் தளை போன்றது வன்கூட்டிற்கு மூட்டு. மண்டையோட்டின் மூட்டுகள் தையலிட்டாற்போல் இறுகியவை. முழங்கையும் முழங்காலும் கதவின் பிணையல் போன்று பெரும்பாலும் ஒரு திசையிலேயே மடங்குவன. தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள். அவை பல திசையிலுஞ் சுழல்வன. இவற்றுள் தோளின் கிண்ணம் ஆழமற்றது. ஆதலின் தோள் மிகுதியாகச் சுழலும், எளிதில் விலகவுஞ் செய்யும். இடுப்பின் கிண்ணம் ஆழமானது. ஆதலின் அசைவு குறைவு, உறுதி மிகுதி. ஒன்றைப் பெறின் மற்றொன்றை இழத்தல் வேண்டுமென்பது உடற்கட்டின் விதி.

அசையும் மூட்டுகளில் என்பின் முனைகளைக் கசியிழையம் என்னும் வழுவழுப்பான போர்வை மூடியிருக்கின்றது. இடையே ஊறும் நீர்மம் வண்டியச்சிற்கு இடும் எண்ணெய்போல் உராய்வைக் குறைக்கின்றது. என்பை என்புடன் கட்டுவது இணையம் என்னும் நார். தசையை என்புடன் கட்டுவது நாண் போன்ற வேறொரு நார். தசை சுருங்க, நாண் இழுக்க, என்பு நெம்புகோலாய் அசைகின்றது. தசைக்குத் தள்ளும் ஆற்றல் இல்லை. இழுக்கும் ஆற்றலே உண்டு. ஆதலாற்றான் கையை மடக்க ஒரு தசையும் நீட்ட எதிர்ப்புறத்தே மற்றொரு தசையும் அமைந்துள்ளன.

என்பு உயிருடையது

என்பு எதனால் ஆயது என்பதை அடுக்களையிலேயே சோதித்து அறியலாம். கோழியின் காலென்பு இரண்டை எடுத்து, ஒன்றைச் சில நாட்கள் வினாகிரியில் ஊறவிடுக. மற்றொன்றை அடுப்புத் தணலில் நன்றாகச் சுடுக. ஊறிய என்பு இறப்பர்போல் வளையும். சுட்ட என்போ உருக்குலையாதிருந்தும் விரலால் நெரித்தால் நொறுங்கும். வினாகிரி கல்சிய உப்புகளைக் கரைத்தது, எஞ்சியது புரதநார். தீ புரதநாரை எரித்தது, எஞ்சியது உப்பு. கட்டடத்தூணில் இரும்புக்கம்பி இழுவையையும் சீமெந்துக்கலவை பாரத்தையும் தாங்குதல்போல, என்பில் நார் வளைவையும் உப்பு அழுத்தத்தையும் தாங்குகின்றன. உலர்ந்த என்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கனியுப்பாகும்.

ஆயினும் சீமெந்துத்தூணுக்கும் என்புக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. தூண் கட்டிய நாள்தொட்டுத் தேய்வதன்றித் தன்னைத் திருத்திக்கொள்வதில்லை. என்பினுள்ளே குருதிக்குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. பழைய பகுதியை இடிக்குங் கலங்களும் புதிதாகக் கட்டுங் கலங்களும் அங்கே இரவும் பகலும் தொழில் புரிகின்றன. முதிர்ந்தோர் வன்கூட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. பாரந் தாங்குமிடத்தில் என்பு தடிக்கும். தொழிலற்ற இடத்தில் மெலியும். செர்மானிய வைத்தியர் யூலியசு வூல்பு இதனை 1892இல் விளக்கி நூல் எழுதினார். விண்வெளியில் எடையின்றி மிதப்போர்க்கு இடுப்பு முதலிய பாரந்தாங்கும் என்புகள் திங்கள்தோறும் நூற்றுக்கு ஒன்றளவில் நலிகின்றன என்பது இன்று கண்ட சான்று.

வன்கூட்டின் தொழில்கள்

வன்கூடு உடம்பைத் தாங்கி உருவந் தருகின்றது, அசைவுக்கு நெம்புகோலாகின்றது, மெல்லிய உறுப்புகளைக் காக்கின்றது. மூளைக்கு மண்டையோடும், இதயத்திற்கும் நுரையீரலுக்கும் விலாக்கூடும், முண்ணாணுக்கு முள்ளந்தண்டும் அரண்கள். இவை கண்ணாற் கண்டு அறியத்தக்கவை.

காணாத தொழில்கள் இரண்டு. என்புகள் சிலவற்றின் உள்ளே செந்நிற மச்சை உண்டு. முதிர்ந்தோரிடத்து அது முள்ளந்தண்டு, மார்பென்பு, விலா, இடுப்பு முதலிய இடங்களில் இருந்து குருதிக்கலங்களை ஆக்குகின்றது. ஒரு நொடியில் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குழியங்கள் அங்கே பிறக்கின்றன. மற்றொன்று களஞ்சியத் தொழில். உடம்பின் கல்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு என்பிலும் பல்லிலும் சேமிக்கப்பட்டுள்ளது. இதயந் துடிப்பதற்கும் தசை சுருங்குவதற்கும் குருதியிற் சிறிதளவு கல்சியம் என்றும் இருத்தல் வேண்டும். உணவிற் போதியது வாராதபோது உடம்பு என்பிலிருந்து அதனை எடுத்துக்கொள்கின்றது. விதைநெல்லைக் குற்றிச் சமைக்கும் குடும்பத்தின் நிலை அது. இன்றைய பசி தீரும். மறுபோகத்தில் வயல் வெறிதாகும்.

முறிவு நேர்ந்தவிடத்து

என்பு உயிருடையதாதலின் முறிந்தாலும் பொருந்தும். முறிந்த இடத்திற் குருதி உறைந்து, சில வாரங்களில் மென்மையான இணைப்புத் தோன்றி, பின்னர் அது வன்மையான என்பாக மாறுகின்றது. பழைய உருவத்தை முற்றும் பெறுதற்குப் பல திங்களோ ஆண்டுகளோ செல்லும். இவ்வினையை நிகழ்த்துவது உடம்பே. வைத்தியர் செய்வது முறிந்த முனைகளை நேராக்கி அசையாது நிறுத்துவது. மூங்கிற்பட்டை வைத்துக் கட்டும் நம் முறிவு நெரிவு வைத்தியரும் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆயினும் தோலின் உட்புறத்தைக் காணும் வழி முன்னோர்க்கு இருந்ததில்லை. செர்மானிய அறிஞர் றொன்ஜன் 1895ஆம் ஆண்டு எக்ஸ் கதிரைக் கண்டறிந்து, தம் மனைவியாரின் கையென்புகளையும் மோதிரத்தையும் படம்பிடித்தபின் அவ்வழி திறந்தது. ஆதலின் எங்கே கட்டுப்போடினும் அதற்குமுன் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தல் இக்காலத்திற் கட்டாயமாகும். கட்டு அளவுக்கு மிஞ்சி இறுகினால் குருதியோட்டந் தடைப்படும். கட்டின் கீழ் விரல்கள் குளிர்ந்தோ, நீலம் பாய்ந்தோ, உணர்விழந்தோ காணப்பட்டால் உடனே தளர்த்தி வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். தாமதித்தால் உறுப்பையே இழக்க நேரும்.

முள்ளந்தண்டின் முறிவு தனியே நோக்கத்தக்கது. என்பு முறிதல் மட்டும் ஆங்கு இடரன்று. அதன் நடுவே செல்லும் முண்ணாண் அறுபட்டால் அது முன்போல் மீளப் பொருந்துவதில்லை. கழுத்தளவில் அறுபட்டவர் கைகால் நான்கையும், முதுகளவில் அறுபட்டவர் இரு கால்களையும் இயக்க இயலாதவராவர். தென்னையிலிருந்தோ பரணிலிருந்தோ ஒருவர் வீழ்ந்தார் எனின் அயலவர் ஓடிவந்து, தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, முச்சக்கர வண்டியில் மடக்கி இருத்திக் கொண்டுசெல்வதை ஊர்தோறுங் காண்கின்றோம். வீழ்ச்சியில் முறிந்தது என்பாக மட்டும் இருந்திருக்கக்கூடும்; தூக்கிய தூக்கில் முண்ணாணும் நசுங்கிவிடக்கூடும். கால்மணி நேரப் பரபரப்பு ஒரு குடும்பத்தின் ஆயுட்காலத் துயராய் முடியக்கூடும்.

ஆகவே செய்யத்தக்கவை இவை. வீழ்ந்தவரை எழுப்பி இருத்தலாகாது. தலையையும் கழுத்தையும் இருகையாலும் பற்றி, அவர் கிடந்த நிலையிலேயே அசையாது வைத்தல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். நீர், நெருப்பு முதலிய வேறிடர் சூழ்ந்து அகற்றியே தீரவேண்டுமாயின், பலர் சேர்ந்து தலை, கழுத்து, உடல் யாவும் ஒரே கோட்டில் நிற்க, மரத்தடியைப் புரட்டுவதுபோல் ஒருமிக்கப் புரட்டி, அகன்ற பலகைமேற் கிடத்துதல் வேண்டும். கைகால் முறிந்தவிடத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள இரு மூட்டுகளும் அசையாதவாறு பட்டை வைத்துக் கட்டுக. என்பு வெளியே தோன்றினால் அதனை உள்ளே தள்ள முயலாது தூய துணியால் மூடுக. சத்திரசிகிச்சை வேண்டிவரலாம், ஆதலின் உண்ணவும் பருகவும் ஒன்றுங் கொடாதிருப்பது நன்று.

என்பைப் பேணுதல்

என்பின் திண்மை ஏறத்தாழ முப்பது வயதளவில் உச்சத்தை அடைகின்றது. அதன்பின் இருப்பிலிருந்து செலவு மிகும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னர் இத்தேய்வு விரைவாகும். முற்றத்திற் கால் இடறி வீழ்ந்த பாட்டியாரின் இடுப்பென்பு முறிந்து, அவர் பாயோடு பாயாகக் கிடப்பது பல வீடுகளில் நிகழ்கின்றது. 'வயதானால் அப்படித்தான்' என்று விட்டுவிடுதல் தவறு. உரிய காலத்திற் சத்திரசிகிச்சை பெற்று மீண்டும் நடந்தோர் பலர். முற்றத்துக் கல்லை அகற்றுவதும், கிணற்றடிப் பாசியைத் தேய்ப்பதும், இரவில் விளக்கொன்று வைப்பதும் முறிவைத் தடுக்கும் எளிய வழிகள்.

முதுமைக்கு வேண்டிய முதலை இளமையிலேயே சேர்த்தல் வேண்டும். அதற்குரிய பொருள்கள் நம் அயலிலேயே உள. எருமைத்தயிர், குரக்கன், எள்ளு, முருங்கையிலை, முள்ளோடு உண்ணும் நெத்தலி முதலிய சிறுமீன்கள் ஆகியவை கல்சியம் மிகுந்தன. அக்கல்சியம் குடலிலிருந்து உடம்பிற் சேர்வதற்கு விற்றமின் டீ வேண்டும். அது வெயில் பட்ட தோலிலே உண்டாவது. ஓடியாடி விளையாடுதலும் பாரந் தூக்குதலும் என்பைத் தடிப்பிக்கும் என்பது முன்னரே கூறப்பட்டது. தேர்வைக் கருதிப் பிள்ளைகளை விளையாட்டிடத்தினின்று விலக்கும் பெற்றோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

வந்தாறுமூலையில் மத்திய கல்லூரி இருந்த இடத்தில் 1981இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நம் பிள்ளைகள் இன்று தம் மாவட்டத்திலேயே மருத்துவம் பயில்கின்றனர். அவர் பயிலும் மொழி ஆங்கிலம். அதனை யாம் குறைகூறப் புகவில்லை. உலக அறிவு அவ்வாயிலால் விரைந்து வருகின்றது. ஆயினும் நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது, முறிந்தது எது, பொருந்துவது எவ்வாறு, செய்யத்தகாதது யாது என்பவற்றை அவர் தமிழிலேயே சொல்லியாதல் வேண்டும். அதற்கு வேண்டிய சொற்களை முன்னோர் ஆக்கித் தந்துள்ளனர். அவற்றை வழக்கில் வைத்திருத்தல் நம் கடன். பழைய மாணவர்களாகிய அன்பர்கள் இம்மலரை வீட்டிற்கு எடுத்துச் சென்று, வீழ்ந்தவரைத் தூக்கலாகாது என்னும் ஒரு செய்தியையேனும் தத்தம் வீட்டாருக்கும் வயலில் உடனுழைப்போருக்கும் எடுத்துக் கூறுவாராக.